வைஃபை சேர்ந்துவிட்டது, நெட் வரவில்லை: இடம் மாறும் லினக்ஸ் லேப்டாப்புக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வீடு, அலுவலகம், கல்லூரி, விடுதி என்று பல இடங்களுக்கு எடுத்துப் போகும் லேப்டாப்பில் நெட் வராமல் போனால், எல்லோரும் முதலில் திட்டுவது அந்த இடத்து வைஃபையை. பக்கத்தில் இருப்பவருக்கு அதே வைஃபையில் நெட் வருகிறது என்றால், என் சந்தேகம் லேப்டாப்பின் மேல்தான் போகும். போன மாதம் வேறொரு நெட்வொர்க்குக்காகக் கையால் போட்ட டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவை), அணைக்க மறந்த விபிஎன் (போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே மறைத்து அனுப்பும் சுரங்கம்), அலுவலகத்து ப்ராக்ஸி (நெட்டுக்கு நடுவில் நிற்கும் இடைத்தரகர் சர்வர்), என்றோ கொடுத்த நிலையான ஐபி முகவரி எல்லாம் லேப்டாப்போடு கூடவே பயணம் செய்கின்றன. அங்கே தேவைப்பட்டது இங்கே முட்டுக்கட்டை ஆகிவிடும். அதனால் கீழே சொல்லும் பெரும்பாலான தீர்வுகள் எதையாவது புதிதாகச் சேர்ப்பதைவிட, பழையதை எடுப்பதாகத்தான் இருக்கும்.

உபுண்டு, ஃபெடோரா, மின்ட் போன்றவற்றில் இணைப்புகளைக் கவனிப்பது நெட்வொர்க்மேனேஜர். அதை வைத்தே எழுதியிருக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் கொடுத்திருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அமைப்பை மாற்றும் கட்டளைகளுக்கு முன்னால், நிர்வாகி அனுமதிக்காக, 'சூடோ' வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்: எங்கே அறுந்திருக்கிறது?

டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் ஜன்னலைத் திறந்து 'ஐபி ஏ' என்று தட்டுங்கள். 'டபிள்யூஎல்' என்று தொடங்குவது வைஃபை, 'ஈஎன்' என்று தொடங்குவது கேபிள். அதன் கீழே 'இனெட்' என்ற வரியில் ஒரு முகவரி இருக்கிறதா? அடுத்து 'ஐபி ரூட்'. அதில் இப்படி ஒரு வரி வர வேண்டும்:

டிஃபால்ட் வியா 192.168.1.1 டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 ப்ரோட்டோ டிஹெச்சிபி மெட்ரிக் 600

'வியா'வுக்கு அடுத்து இருப்பது கேட்வே, அதாவது அந்த இடத்து ரௌட்டர். அந்த எண்ணுக்கு ஒரு பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை), அப்புறம் வெளியே 1.1.1.1 க்கு ஒரு பிங், கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு ஒரு பிங். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் கீழே எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பிங்கையே தடுத்து வைத்திருக்கும் நெட்வொர்க்குகள் நிறைய உண்டு. கேட்வே பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். 'ஐபி நெய்' என்று தட்டி, கேட்வே எண்ணுக்கு நேரே 'ரீச்சபிள்' அல்லது 'ஸ்டேல்' என்று வந்தால் ரௌட்டரோடு பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது என்று அர்த்தம். 'ஃபெயில்டு' என்று வந்தால்தான் கவலை.

வைஃபை பட்டியலே வரவில்லை

முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்'. 'சாஃப்ட் பிளாக்டு: எஸ்' என்று இருந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். 'ஹார்டு பிளாக்டு: எஸ்' என்றால் எந்தக் கட்டளையும் உதவாது. லேப்டாப்பின் ஓரத்தில் உள்ள சுவிட்ச் அல்லது விமானப் படம் போட்ட விசையைப் பாருங்கள்.

இரண்டும் 'நோ' என்று வந்தும் பட்டியல் இல்லையென்றால் 'எல்எஸ்பிசிஐ -கே' கட்டளையில் வைஃபை அட்டைக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் டிரைவர் இல்லை. வரி இருந்தால் கெர்னல் லாகில், அதாவது லினக்ஸின் உள் பதிவேட்டில், 'ஃபர்ம்வேர்' (அட்டைக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) என்று தேடிப் பார்க்க வேண்டும். ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று அங்கே புலம்பியிருந்தால் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பியுங்கள். அதற்கே நெட் வேண்டுமே என்றால், ஃபோனை யூஎஸ்பி வழியாகச் செருகி டெதரிங் போடுங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் அது எந்தக் கூடுதல் டிரைவரும் கேட்காமல் கேபிள் இணைப்பு போலவே வேலை செய்யும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வைஃபை அட்டையை முழுதாக விடுவிக்காமல் அணைந்துவிடும், லினக்ஸ் எழும்போது அட்டை எழாது. அந்த வசதியை விண்டோஸில் நிறுத்திவிடுங்கள்.

ஃபோனில் தெரிகிற வைஃபை லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை

மற்ற நெட்வொர்க்குகள் தெரிந்து இது மட்டும் தெரியவில்லை என்றால் சேனலைச் சந்தேகப்படுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13 ஆம் சேனல்கள் சில நாடுகளில் அனுமதி, சில நாடுகளில் இல்லை. 'ஐடபிள்யூ ரெக் கெட்' என்று தட்டும்போது 'கன்ட்ரி 00' என்று வந்தால், தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று லேப்டாப்புக்குத் தெரியாமல் அடக்கி வாசிக்கிறது என்று பொருள். 'ஐடபிள்யூ ரெக் செட்' கட்டளையோடு நாட்டின் ஈரெழுத்துக் குறியைக் கொடுத்துப் பாருங்கள். இன்டெல் அட்டைகளில் இதை அட்டையே தீர்மானிப்பதால் கட்டளை பலிக்காமல் போகலாம். அப்போது ரௌட்டரில் சேனலை 1, 6, 11 இல் ஒன்றாக மாற்றச் சொல்வதுதான் வழி. பழைய அட்டைக்கு 5 கிகாஹெர்ட்ஸே தெரியாமல் இருப்பதும் உண்டு.

பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது

கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? சரியாகத்தான் அடித்தோம் என்று உறுதியாக இருந்தால், சேமித்த இணைப்பை 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் டெலிட்' கட்டளையோடு பெயரைக் கொடுத்து அழித்துவிட்டு, புதிதாகச் சேருங்கள். ஒரே பெயரில் வேறு இடத்து வைஃபை ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருந்தால் பழைய கடவுச்சொல்லும் பழைய பாதுகாப்பு வகையும் அதிலேயே தங்கியிருக்கும்.

ரௌட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு வகை மட்டும் என்று அமைக்கப்பட்டிருந்தால் பழைய அட்டைகள் தடுமாறும். ரௌட்டர் உங்கள் கையில் இருந்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலைக்கு மாற்றுங்கள்.

கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களில் பயனர் பெயரும் கேட்கும் நெட்வொர்க்குகள் தனி ரகம். அங்கே பிஈஏபி, எம்எஸ்சாப்வி2 என்று சரியான உள்நுழைவு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சான்றிதழ் கோப்பையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். 'சான்றிதழ் தேவையில்லை' என்று டிக் செய்தால் சேர்ந்துவிடலாம்தான். ஆனால் அதே பெயரில் யாராவது போலி வைஃபை வைத்தால் உங்கள் கடவுச்சொல் அவரிடம் போகும். இந்த டிக்கை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸைப் புதுப்பித்த பிறகு திடீரென்று சேரவில்லை என்றால், லினக்ஸின் மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3 பழைய டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு முறை) பழக்கங்களை ஏற்க மறுப்பது காரணமாக இருக்கலாம். 2022 இல் உபுண்டு 22.04 வந்தபோது பலர் இதில் மாட்டினார்கள். 'ஜர்னல்சிடிஎல் -யூ டபிள்யூபிஏ_சப்ளிகன்ட்' லாகில் அதற்கான பிழை வரி இருக்கும். அந்த வரியை நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். சரிசெய்ய வேண்டியது அவர்களுடைய சர்வர்.

சேர்ந்தது போலக் காட்டிவிட்டு, முக்கால் நிமிடத்தில் விட்டுவிடுகிறது

இது முகவரி கிடைக்காததன் அடையாளம். ரௌட்டர் முகவரி கொடுக்கும் என்று நெட்வொர்க்மேனேஜர் இயல்பாக 45 விநாடி காத்திருக்கும், வராவிட்டால் இணைப்பைக் கைவிடும். சில அமைப்புகளில் கைவிடாமல் 169.254 என்று தொடங்கும் முகவரியை லேப்டாப் தானே போட்டுக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்தால் ரௌட்டரிடமிருந்து எதுவும் வரவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

பல நேரம் ரௌட்டரிடம் கொடுக்க முகவரியே மீதம் இருக்காது. கூட்டம் உள்ள இடத்தில் சிறிய ரௌட்டர் வைத்தால் இப்படி ஆகும். கொஞ்ச நேரம் கழித்து முயலலாம், அல்லது யாராவது ரௌட்டரை மறுதொடக்கம் செய்ய வேண்டும். இன்னொரு காரணம் மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் உள்ள அடையாள எண். பதிவு செய்த கருவிகளை மட்டும் அனுமதிக்கும் இடத்தில் உங்கள் லேப்டாப் சீரற்ற மேக் முகவரியோடு போய் நின்றால் கதவு திறக்காது. அந்த இணைப்பின் அமைப்பில் 'க்ளோன்டு அட்ரஸ்' என்ற இடத்தில் 'பெர்மனென்ட்' என்று வையுங்கள். பதிவு கேட்காத பொது இடங்களுக்கு 'ஸ்டேபிள்' நல்லது. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு முகவரி, அதே நெட்வொர்க்கில் எப்போதும் அதே முகவரி என்று அமைவதால், தனியுரிமையும் கெடாது, தினமும் புதிதாக உள்நுழையவும் வேண்டாம்.

முகவரி இருக்கிறது, ஆனால் கேட்வேயின் எண்ணோடு ஒட்டவில்லை என்றால், எப்போதோ கையால் கொடுத்த நிலையான முகவரி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஐபிவி4 அமைப்பை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள்.

எல்லாம் இருக்கிறது, உள்நுழைவுப் பக்கம் மட்டும் வரவில்லை

விடுதி, விமான நிலையம், மருத்துவமனை வைஃபைகளில் அதிகம் பேர் திணறுவது இங்கேதான்.

இந்தப் பக்கம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ஏன் வரவில்லை என்பதும் தெரியும். நீங்கள் எந்தத் தளத்தைக் கேட்டாலும், அந்த இடத்து ரௌட்டர் நடுவில் புகுந்து தன் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. பூட்டுப் போட்ட ஹெச்டிடிபிஎஸ் தளங்களில் அப்படிப் புகுந்தால் பிரவுசர் ஏற்காது, பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும் அல்லது சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பூட்டில்லாத பழைய ஹெச்டிடிபி முகவரி ஒன்றைத் திறக்க வேண்டும். முகவரிப் பட்டையில் 'ஹெச்டிடிபி' என்று தொடங்கி 'நெவர்எஸ்எஸ்எல்.காம்' என்று அடித்துப் பாருங்கள், இதற்கென்றே இருக்கும் தளம். அதுவும் வரவில்லை என்றால், முன்பு பார்த்தோமே, அந்தக் கேட்வே எண்ணையே பிரவுசரில் நேராக அடியுங்கள். பல இடங்களில் உள்நுழைவுப் பக்கம் அங்கேயே இருக்கும்.

'என்எம்சிஎல்ஐ நெட்வொர்க்கிங் கனெக்டிவிட்டி செக்' என்ற கட்டளையும் கைகொடுக்கும். 'போர்ட்டல்' என்று பதில் வந்தால் உள்நுழைவு பாக்கி, 'ஃபுல்' என்றால் நெட் வந்துவிட்டது, 'லிமிட்டெட்' என்றால் வெளியே போக முடியவில்லை.

இன்னும் வரவில்லையா? லேப்டாப்புக்குள் பாருங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். விபிஎன் அறுந்தால் எல்லாப் போக்குவரத்தையும் மறிக்கும் 'கில் சுவிட்ச்' வசதி இருந்தால், செயலியை மூடினாலும் அது விலகாமல் நிற்கலாம். 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஷோ -ஆக்டிவ்' என்று தட்டும்போது உங்களுக்குத் தெரியாத இணைப்பு ஏதாவது தெரிந்தால் அதைக் கீழிறக்குங்கள். 'ஐபி ரூட்' பட்டியலில் 0.0.0.0/1, 128.0.0.0/1 என்ற இரண்டு வரிகள் இருந்தால் ஓப்பன்விபிஎன் விட்டுப்போன பாதைகள் அவை. அவற்றையும் நீக்க வேண்டும். பிரவுசரில் 'டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ்' கட்டாயம் என்று வைத்திருந்தால் அதையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். அது உள்ளூர் டிஎன்எஸ்ஸைக் கேட்காமலே போய்விடுவதால், உள்நுழைவுப் பக்கத்தின் பெயர் அதற்குப் புரியாது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) நிறுவியிருந்தால் அது 172.17.0.0/16 என்ற முகவரித் தொகுதியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், கூடுதல் நெட்வொர்க் உருவாக்கும்போது 172.18, 172.19 என்று மேலே போகும். நீங்கள் போன இடத்து வைஃபையும் அதே தொகுதியைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? கேட்வேக்கோ உள்நுழைவுப் பக்கத்துக்கோ போக வேண்டிய டேட்டா பொட்டலம் வைஃபை வழியே வெளியேறாமல் டாக்கருக்குள் போய் மறைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், எதுவும் வேலை செய்யாது. 'ஐபி ரூட் கெட்' கட்டளையோடு உள்நுழைவுப் பக்கத்தின் எண்ணைக் கொடுங்கள். பதிலில் 'டெவ் டாக்கர்0' அல்லது 'பிஆர்-' என்று தொடங்கும் பெயர் வந்தால் ஆள் பிடிபட்டார். அப்போதைக்கு டாக்கரை நிறுத்தி, அந்த இடைமுகத்தை 'ஐபி லிங்க் டெலிட்' என்று எடுத்துவிடுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு டாக்கரின் டீமன் ஜேசன் கோப்பில் 'பிப்', 'டிஃபால்ட்-அட்ரஸ்-பூல்ஸ்' இரண்டிலும் வேறு தொகுதியைக் கொடுங்கள். மெய்நிகர் இயந்திரங்களுக்கான லிப்விர்ட் 192.168.122.0/24 ஐ எடுத்துக்கொள்கிறது. அது மோதுவது அபூர்வம்.

எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை

1.1.1.1 க்கு பிங் போகிறது, தளத்தின் பெயருக்குப் போகவில்லை. சந்தேகமே வேண்டாம், டிஎன்எஸ்தான்.

'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' தட்டி, வைஃபை இடைமுகத்தின் கீழே 'டிஎன்எஸ் சர்வர்ஸ்' என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்து ரௌட்டர் கொடுத்த எண் இருக்க வேண்டும். அலுவலகத்து உள் முகவரி ஒன்று அங்கே தெரிந்தால், விபிஎன் போகும்போது தன் டிஎன்எஸ்ஸை எடுத்துப் போகவில்லை.

அதற்கடுத்து ஈடிசி அடைவில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பு. 'எல்எஸ் -எல்' போட்டுப் பார்த்தால் உபுண்டு, ஃபெடோரா இரண்டிலும் அது அம்புக்குறியோடு வேறொரு கோப்பைச் சுட்ட வேண்டும், உள்ளே 127.0.0.53 என்ற எண் இருக்க வேண்டும். அம்புக்குறி இல்லாமல் சாதாரணக் கோப்பாக இருந்து, உள்ளே 8.8.8.8 என்று எழுதியிருந்தால், யாரோ ஒருமுறை அவசரத்துக்குக் கையால் எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்து மாறக்கூடாது என்று 'சிஹெச்ஆட்டர் +ஐ' போட்டுப் பூட்டச் சொல்லும் ஆலோசனை பல இடங்களில் காணக் கிடைக்கிறது. ஒரே இடத்தில் நிற்கும் கணினிக்கு அது பரவாயில்லை. இடம் மாறும் லேப்டாப்புக்கு அதைச் செய்யவே செய்யாதீர்கள். வெளி டிஎன்எஸ்ஸைத் தடுக்கும் நெட்வொர்க் எதிலும் லேப்டாப் குருடாகிவிடும், உள்நுழைவுப் பக்கங்களும் வராது.

பூட்டு இருக்கிறதா என்று 'எல்எஸ்ஆட்டர்' காட்டும். 'சிஹெச்ஆட்டர் -ஐ' போட்டுத் திறந்து, 'எல்என் -எஸ்எஃப்' கட்டளையால் /ரன்/சிஸ்டம்டி/ரிசால்வ்/ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃப் கோப்புக்கு மறுபடி இணைத்துவிடுங்கள். அப்புறம் 'ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ்'. உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட டிஎன்எஸ்தான் வேண்டும் என்றால், அதை அந்தந்த வைஃபை இணைப்பின் அமைப்புக்குள் எழுதுங்கள். அந்த வைஃபையில் இருக்கும்போது மட்டும் அது அமலில் இருக்கும்.

கேபிள் செருகினதும் இருந்த நெட்டும் போகிறது

இரண்டு வழி இருந்தால் மெட்ரிக் எண் குறைவாக உள்ளதை லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க்மேனேஜர் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 கொடுக்கிறது. கேபிளின் மறுமுனையில் நெட் இல்லாத சுவிட்ச் இருந்தாலும் முகவரி மட்டும் கிடைத்துவிட்டால் போக்குவரத்து அங்கேதான் போகும். அந்தக் கேபிள் இணைப்பின் ஐபிவி4 அமைப்பில் 'இந்த இணைப்பை அதன் நெட்வொர்க்கில் உள்ளவற்றுக்கு மட்டும் பயன்படுத்து' என்ற டிக்கைப் போடுங்கள், அல்லது மெட்ரிக்கை 700 ஆக்குங்கள்.

சில தளங்கள் திறக்கின்றன, சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன

பிங் போகிறது, தேடுபொறி திறக்கிறது, ஆனால் கனமான பக்கங்கள் பாதியில் நிற்கின்றன. வேறொரு கணினிக்குள் டெர்மினல் வழியே நுழையும் எஸ்எஸ்ஹெச் உள்ளே போய்விடும், நீளமான பட்டியல் ஒன்றைக் கேட்டதும் உறைந்துவிடும். இது எம்டியூ, அதாவது பொட்டலத்தின் அளவுச் சிக்கல். வழக்கமான அளவு 1500 பைட். சில பிராட்பேண்ட்களில் உள்ள பிபிபிஓஈ இணைப்பில் 1492, வயர்கார்டு என்ற வகை விபிஎன்னில் வழக்கமாக 1420. நடுவில் உள்ள ஏதோ ஒரு கருவி பெரிய பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, எறிந்ததாகச் சொல்லாமலும் விட்டுவிடுகிறது.

சோதிக்க 'பிங் -எம் டு -எஸ் 1472 1.1.1.1' என்று தட்டுங்கள் ('எம்' மட்டும் பெரிய எழுத்து, 'டு' என்பது டி, ஓ). தலைப்புக்கு 28 பைட் சேர்ந்து மொத்தம் 1500 ஆகும். பதில் வரவில்லை என்றால் 1464, 1400, 1350 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். பதில் வரும் எண்ணோடு 28 ஐக் கூட்டி, அதை அந்த இணைப்பின் எம்டியூவாக எழுதுங்கள். விபிஎன் வழியே மட்டும் சிக்கல் என்றால் விபிஎன்னின் எம்டியூவை 1280 வரை குறைத்துப் பார்க்கலாம். ஐபிவி6 அதற்குக் கீழே போக விடாது.

ஐபிவி6 என்றதும் ஒன்று. டெர்மினலில் ஒரு தளத்தைக் கேட்கும் 'கர்ல் -4' போட்டால் உடனே வருகிறது, 'கர்ல் -6' போட்டால் தொங்குகிறது என்றால், அந்த இடத்தில் ஐபிவி6 முகவரி கொடுக்கிறார்கள், வழி கொடுக்கவில்லை. அந்த ஒரு இணைப்பில் மட்டும் ஐபிவி6 ஐ நிறுத்துங்கள், லேப்டாப் முழுக்க நிறுத்த வேண்டாம்.

எல்லா ஹெச்டிடிபிஎஸ் தளங்களிலும் சான்றிதழ் பிழை வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். 'டைம்டேட்சிடிஎல்' காட்டும் தேதி தப்பாக இருந்தால் சான்றிதழ்கள் காலாவதி ஆனவை போலத் தெரியும்.

பிரவுசரில் வருகிறது, டெர்மினலில் வரவில்லை

ப்ராக்ஸி. 'என்வ்' கட்டளையின் வெளியீட்டில் 'ப்ராக்ஸி' என்ற சொல் வரும் வரிகளைத் தேடி, எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து எடுங்கள். கிட் (நிரல் கோப்புகளைப் பராமரிப்பது), ஏபிடி (மென்பொருள் நிறுவுவது) இரண்டும் தனித்தனியாகத் தங்கள் ப்ராக்ஸியை எழுதி வைத்திருக்கும், அவற்றையும் பார்க்க வேண்டும். தலைகீழாக, டெர்மினலில் வந்து பிரவுசரில் வரவில்லை என்றால் டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் அமைப்பிலும் பிரவுசரின் அமைப்பிலும் தேடுங்கள்.

மூடித் திறந்தால் போய்விடுகிறது, அல்லது அடிக்கடி அறுகிறது

லேப்டாப் தூங்கி எழுந்த பிறகு வைஃபை எழவில்லை என்றால், மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை. டிரைவரை 'மோட்ப்ரோப் -ஆர்' என்று இறக்கி மறுபடி ஏற்றினால் போதும். பல இன்டெல் அட்டைகளில் முதலில் ஐடபிள்யூஎல்எம்விஎம், அப்புறம் ஐடபிள்யூஎல்வைஃபை என்ற வரிசையில் இறக்க வேண்டும்.

பேட்டரியில் ஓடும்போது மட்டும் அறுகிறது, அல்லது எஸ்எஸ்ஹெச்சில் ஒவ்வொரு எழுத்தும் தயங்கி வருகிறது என்றால் வைஃபையின் மின்சேமிப்பு காரணமாக இருக்கலாம். 'ஐடபிள்யூ டெவ்' கட்டளையோடு இடைமுகப் பெயரும் 'செட் பவர்_சேவ் ஆஃப்' என்பதும் கொடுத்துச் சோதியுங்கள். குணம் தெரிந்தால் நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பை 2 என்று எழுதுங்கள். 2 என்றால் நிறுத்து என்று பொருள், 3 என்றால் இயக்கு. இதை மாற்றிப் போட்டுவிட்டுப் பலர் பலனில்லை என்கிறார்கள்.

எதிலும் அடங்கவில்லை

ஒரு டெர்மினலில் 'ஜர்னல்சிடிஎல் -எஃப் -யூ நெட்வொர்க்மேனேஜர்' ஓடவிட்டு, வைஃபையை அணைத்துப் போடுங்கள். கடைசியாக எந்த நிலையில் நின்றது என்று வரிவரியாகத் தெரியும். அடுத்து, யூஎஸ்பியிலிருந்து ஒரு லைவ் லினக்ஸை (நிறுவாமலே ஓடும் லினக்ஸை) ஏற்றி அதே வைஃபையில் சேருங்கள். அதில் நெட் வந்தால் வன்பொருளும் அந்த இடமும் நன்றாக இருக்கின்றன, உங்கள் அமைப்பில்தான் ஏதோ மிச்சம் இருக்கிறது. ஈடிசி அடைவில் நெட்வொர்க்மேனேஜருக்குக் கீழே உள்ள சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ் அடைவை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, பழைய இணைப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். லைவ் லினக்ஸிலும் வரவில்லை, மற்றவர்களுக்கும் வரவில்லை என்றால், 'ஐபி ஏ', 'ஐபி ரூட்', 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' மூன்றின் வெளியீட்டையும் நேரத்தோடு சேர்த்து அந்த இடத்து நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். 'நெட் வரவில்லை' என்று மட்டும் சொன்னால் அவர்களால் தேட முடியாது, இந்த மூன்றும் கையில் இருந்தால் எங்கே பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.